நாற்பது பூட்டு மயில்

முப்பத்தொன்பதாவது பூட்டு திறந்தபோது சிவபிரகாஷ் விசிலடித்தான். நாற்பதாவது பூட்டு திறந்தபோது அடுத்த வீட்டில் பொன்னழகு வாயைத் திறந்தாள்.

"எவடி அவ, குழாய மூடாமப் போனது? தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுல ஊறுதா?"

சிவபிரகாஷின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவிக் கால் விரலில் விழுந்தது. இரண்டு வருடமாக அந்த வீட்டிலிருந்து சத்தமே கிடையாது. சின்னாளபட்டித் தறிச் சத்தத்தையே அமுக்கிய குரல் அது. ஒருநாள் திடீரென்று ஓய்ந்துபோனது. தெருவும் மதியத் தூக்கத்துக்குப் பழகிவிட்டது.

இப்போது அதை யோசிக்க அவனுக்கு நேரமில்லை. மணி பத்தரை. நான்கு மணிக்குக் கொடைரோடு தாண்டியிருக்கும் ரிசார்ட்டிலிருந்து வேன் வரும். மயிலை ஏற்றிக்கொண்டு போகும். மயில் பிடித்துப்போனால் ரிசார்ட்டின் பன்னிரண்டு குடிசைகளுக்கும் பன்னிரண்டு விளக்குகள். பிடிக்காவிட்டால் பழையபடி மோட்டாருக்குக் காயில் கட்டப் போக வேண்டியதுதான்.

மயிலின் வயிறு ஓடாத பம்பு செட்டு. கழுத்து புல்லட் சைலன்சர். கொண்டைக்கு ஏழு ஸ்பார்க் பிளக். கண்கள், யாரோ கீழே விழுந்து உடைத்துக்கொண்ட ஸ்கூட்டியின் இண்டிகேட்டர்கள். ஆனால் விசேஷம் தோகையில்தான். சைக்கிள் கம்பிகளின் நுனியில் நாற்பது மாங்காய்ப் பூட்டுகள். ஒவ்வொன்றின் சாவித் துவாரத்திலும் ஒரு பொட்டு பல்பு. சுவிட்சைப் போட்டால் லாரி வைப்பர் மோட்டார் தோகையைத் தூக்கும். கூடவே பிரேக் கேபிள் இழுபட்டு நாற்பது பூட்டும் ஒரே நேரத்தில் வாய் பிளக்கும். அணைத்தால் தோகை மடியும். பூட்டுகள் 'க்ளிக்' என்று மூடிக்கொள்ளும்.

"ஸ்ரீமதி! வந்து பாரேன். மயிலு ஆடப் போகுது!"

சுவிட்சைப் போட்டான், தோகை எழுந்து விரிந்தது. காபி டம்ளரோடு கொட்டகைக்குள் வந்த அவன் மனைவி ஸ்ரீமதி தோகையைப் பார்த்தாள். காபியைப் பாதி சிந்தினாள்.

"இந்தப் பூட்ட எல்லாம் எங்க வாங்குனீக?"

"சூசைராஜு கடையில. பழைய இரும்பு. எதுக்குக் கேக்குற?"

"மேல மஞ்சத் துணி சுத்தி இருந்துச்சா?"

"இருந்துச்சு. பிச்சு எறிஞ்சுட்டேன்."

"போச்சு," என்று ஸ்ரீமதி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இதெல்லாம் சங்கிலிக் கருப்பு கோயில்ல போட்ட பூட்டு. ஒருத்தன் குடிய நிப்பாட்டணும், ஒருத்தி வாய அடக்கணும், வம்பு வழக்க நிறுத்தணும்னா, பேரு எழுதிச் சாமி சங்கிலில பூட்டிட்டு சாவியக் கெணத்துல போட்டுருவாக. பூட்டு தொறந்தா உள்ள இருந்தது வெளிய வந்துரும்னு சொல்லுவாக."

சிவபிரகாஷ் சிரித்தான். சிரித்துக்கொண்டே சூசைராஜுக்குப் போன் போட்டான்.

"ஆமா, கோயில் பூட்டுதான்," என்றது சூசைராஜின் குரல், தராசில் எதையோ எறியும் சத்தத்துக்கு நடுவே. "புதுச் சங்கிலி மாத்துறாகன்னு கமிட்டியே ஏலம் விட்டாக. நான் நியாயமா எடுத்தேன். நீங்க நியாயமா எடுத்தீக. உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் பொறுப்பேத்துக்க முடியாதுல்ல?"

போன் கட்டாகிவிட்டது. ஸ்ரீமதி அதற்குள் எழுந்து தோகையின் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுற?"

"சும்மா. துருவா இருக்கு. எல்லாத்தையும் கழட்டி எங்கிட்ட குடுங்க. கொண்டு போய்ப் போட்டுட்டு வந்துருவோம்."

"நாலு மணிக்கு வேன் வருது. தோகை இல்லாத மயில அனுப்புனா கோழின்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவான்."

அவனும் நாற்பதாவது பூட்டைச் சும்மா புரட்டிப் பார்த்தான். பின்பக்கம் ஆணியால் கீறிய எழுத்து. துருவைக் கட்டை விரலால் தேய்த்தான்.

'பொன்னழகு. வாய்.'

அடுத்த வீட்டில் குரல் இரண்டு கட்டை ஏறியது. குழாயை விட்டு, மருமகள் தமிழ்மதியின் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தது. சிவபிரகாஷின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது.

"ஸ்ரீமதி... இத மூடிப் பாப்போமா?"

சுவிட்சை அணைத்தான். தோகை மடிந்தது. நாற்பது பூட்டும் 'க்ளிக்'.

அடுத்த வீட்டில் குரல் பாதி வார்த்தையில் நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு அலறல். பொன்னழகுவின் அலறல் அல்ல, தமிழ்மதியின் அலறல்.

"அண்ணே! ஓடி வாங்கண்ணே! எங்க அத்தைக்கு வாய மூட முடியலண்ணே!"

சிவபிரகாஷ் மதிலை எட்டிப் பார்த்தான். பொன்னழகு முற்றத்தில் நின்றிருந்தாள். கத்திய வேகத்தில் தாடை பிசகிக்கொண்டுவிட்டது. வாய் ஆவென்று திறந்தபடி நிற்க, கண்கள் மட்டும் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தன.

பூட்டு மூடியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. ஓடிப்போய் மறுபடி சுவிட்சைப் போட்டான். தோகை எழுந்தது. அதே நேரம் தமிழ்மதி பதற்றத்தில் மாமியாரின் தாடையில் ஒரு தட்டு தட்ட, எலும்பு இடத்தில் உட்கார்ந்தது.

"அடிக்கிறாளே! பாத்தீகளா தெருக்காரங்களே, மாமியாள அடிக்கிறாளே!"

முன்பைவிட இரண்டு மடங்கு சத்தம்.

தமிழ்மதி மதிலோரம் வந்து, பல்பு எரிய நின்ற மயிலைப் பார்த்தாள். தோகையில் மேல் வரிசையில் வாய் பிளந்திருந்த ஒரு பூட்டைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது.

"அண்ணே," என்றாள் ரகசியமாக. "அது என் எழுத்துண்ணே. என் பூட்ட மட்டும் மூடிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒண்ண மட்டும் மூட முடியாதும்மா. நாப்பதும் ஒரே கேபிளு."

"ரெண்டு வருசம் நிம்மதியா சோறு தின்னேண்ணே!" என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் நேராகத் தெரு வாட்ஸப் குரூப்பில்தான் போய் நின்றிருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் கொட்டகை வாசலில் இருபது செருப்பு.

முதலில் உள்ளே வந்தவர் எதிர்த்தாற்போல் டீக்கடை வைத்திருக்கும் ராமர். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"அப்பு, என் பூட்டும் இதுல இருக்காம்ல?"

சிவபிரகாஷ் தேடினான். இரண்டாவது வரிசையில் இருந்தது. 'ராமர். குடி.'

"தொறந்திருக்கா?"

"தொறந்துதான் மாமா இருக்கு. ஆனா இதெல்லாம் சும்மா..."

"சும்மாவா? சாமி விசயத்துல சும்மாங்காத." ராமர் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டார். "மூணு வருசமா என் வீட்டுக்காரி பூட்டி வச்சிருந்தா. இப்ப சாமியே தொறந்து விட்டுருச்சு. நான் என்ன செய்ய முடியும், சொல்லு? செத்த நேரம் கடையப் பாத்துக்க. திண்டுக்கல் வரைக்கும் போயிட்டு வாரேன்."

"மாமா, நில்லுங்க! மூடிர்றேன், மூடிர்றேன்!"

"மூடுனா பொன்னழகுக்கு வாய் பிசகிருமேய்யா," என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"பிசகட்டும். ராமரு குடிச்சா எங்களுக்கு டீ யாரு போடுவா?"

"ஏலே, என் பங்காளி பூட்டு தொறந்தே இருக்கட்டும்டா. அவன் கோர்ட்டுக்கு வந்தாத்தான் எனக்கு நல்லது."

மூடு என்று பாதிப் பேர், திற என்று பாதிப் பேர். மணி ஒன்று. சோறு இறங்கவில்லை சிவபிரகாஷுக்கு. கடைசியில் ஒரு வழி தோன்றியது. ராமர் பூட்டையும் பொன்னழகு பூட்டையும் மட்டும் கேபிளிலிருந்து வெட்டித் தனியாக மூடிவிட்டால்? மற்றவை எப்படிப் போனால் என்ன!

கட்டிங் பிளேயரை எடுத்தான். ராமரின் கேபிளை வெட்டினான். பொன்னழகுவின் கேபிளை வெட்டினான். பக்கத்தில் ஓடிய மூன்றாவது கம்பியையும் சேர்த்து வெட்டினான்.

அந்த மூன்றாவதுதான் தோகையை மேலே போனதும் நிறுத்தி வைக்கும் கம்பி.

வைப்பர் மோட்டார் தன் பிறவிக் குணத்துக்குத் திரும்பியது. ஒரு சொட்டு மழை இல்லாத சின்னாளபட்டியில், போ வா, போ வா என்று தோகையை வீசி வீசி அடிக்க ஆரம்பித்தது. முப்பத்தெட்டுப் பூட்டுகள் திறந்தன, மூடின, திறந்தன, மூடின. கொட்டகை முழுவதும் கிளிக் க்ளாக் கிளிக் க்ளாக்.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"அய்யய்யோ, எம் புருசன் பேரு மின்னி மின்னி மறையுதே!"

"யோவ், நிப்பாட்டுய்யா! என் வழக்கு வாய்தாவுக்கு மேல வாய்தாவாப் போயிரும்!"

ராமர் மட்டும் குழம்பி நின்றார். "அப்பு, என் பூட்டு தனியாத் தொங்குதே, இப்ப நான் பஸ் ஏறணுமா, வேணாமா? ஒரு நிலையா சொல்லு."

சிவபிரகாஷ் பேட்டரி ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தான். தோகை முதுகில் ஒரு அடி கொடுத்தது. இரண்டாவது முறை பாய்ந்தான். இரண்டாவது அடி. மூன்றாவது முறை தோகையையே இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தொங்கினான். மோட்டார் உறுமி, புகைந்து, நின்றது. தோகை பாதி விரிந்து, பூட்டுகள் பாதி திறந்தபடி.

அவன் மூக்குக்கு நேரே ஒரு பூட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதில் கீறியிருந்த எழுத்து அவனைப் பார்த்தது.

'பி. சிவபிரகாஷ். சின்னாளபட்டி.'

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அது துருவில் போய்விட்டது.

எல்லோரும் எட்டிப் படித்தார்கள். படித்துவிட்டு அவனிடமிருந்து இன்னும் ஓரடி தள்ளி நின்றார்கள்.

"உன்கிட்ட என்னப்பா இருந்துச்சு?" என்றார் ராமர் மெதுவாக. "குடியா? நம்ம ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போயிரலாம்."

"நான் பீரு வாசன கூடப் பிடிச்சதில்ல மாமா!"

"பூட்டி வச்சிருந்தா எப்படிப் பிடிக்கும்?"

"கோவமா இருக்கும்," என்றது ஒரு குரல். "அமைதியா இருக்கானேன்னு அப்பவே நெனச்சேன்."

"பொம்பள சமாச்சாரமா இருந்தா?" என்றாள் மதிலுக்கு மேலிருந்து பொன்னழகு. அவளுக்குத் தாடை நன்றாகவே வேலை செய்தது.

சிவபிரகாஷ் தன்னையே உள்ளே எட்டிப் பார்த்தான். கோபம் வருகிறதா? வருகிற மாதிரியும் இருந்தது, பசியாகவும் இருக்கலாம். எவளையாவது பார்க்கத் தோன்றுகிறதா? பொன்னழகுவைப் பார்த்தான். இல்லை. அது ஒரு நிம்மதி. ஆனால் எதுவோ ஒன்று இருக்கிறது. அதை யாரோ பயந்துபோய்ப் பூட்டியிருக்கிறார்கள். காலையில் அவனே தன் கையால் அதைத் திறந்து விட்டிருக்கிறான்.

"ஸ்ரீமதி, இது யாரு பூட்டுனது?"

"எனக்கென்ன தெரியும்? ஊர்ல நீங்க ஒருத்தர்தான் சிவபிரகாஷா?"

"பி. சிவபிரகாஷ் நான் ஒருத்தன்தான். எங்கம்மா போட்டிருக்குமோ? என்கிட்ட எதப் பாத்துப் பயந்துச்சோ!"

"பூட்டாவது மண்ணாவது! அதெல்லாம் பலிக்காதுங்க."

"காலையில நீதான பதறுன? இப்ப பலிக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். விடுங்க. குடுங்க அத, கெணத்துல போட்டுட்டு வாரேன்."

அவள் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை; பூட்டைக் கம்பியிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போன் அடித்தது. வேன் டிரைவர். "அண்ணே, நெலக்கோட்டைய தாண்டிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு கெஸ்ட்டுங்க முன்னாடி சுவிட்சு போடுறாகளாம். தெனமும் ஆறு மணி ஷோ! மேனேஜரு ரொம்ப ஆசையா இருக்காரு."

தினமும் ஆறு மணி! எங்கோ கொடைரோடு பக்கம் டூரிஸ்ட்டுகள் கைதட்டுவார்கள். தோகை விரியும். இங்கே சின்னாளபட்டியில் அவனிடமிருந்து அந்த என்னவோ ஒன்று வெளியே வரும். ஷோ முடிந்ததும் உள்ளே போகும். பொழுதன்னைக்கும் ஸ்ரீமதி எப்படி அவனோடு குடித்தனம் நடத்துவாள்?

"வண்டிய மெதுவா ஓட்டுப்பா. டீ குடிச்சிட்டு வா. சாப்பிட்டுட்டு வா," என்று கெஞ்சிவிட்டு வைத்தான்.

"கோயில் வாசல்ல அய்யம்மாள்னு ஒரு அம்மா பூட்டு விக்குது," என்றார் ராமர். "எழுதத் தெரியாதவுகளுக்கு அதுதான் ஆணியால பேரு எழுதித் தரும். யாரு என்ன பூட்டுனாகன்னு அம்புட்டும் அதுக்கு மனப்பாடம். போய்க் கேளு. என் விசயத்தையும் செத்த கேட்டுட்டு வா. கடைசி பஸ்ஸு ஆறே முக்காலுக்கு."

"நானும் வரணுமா?" என்றாள் ஸ்ரீமதி.

"வராம? எனக்கு நடு வழியில எதுவும் ஆயிட்டா வண்டிய யாரு பிடிக்கிறது?"

"எனக்குத் தலவலி."

"எனக்கு என்ன வலின்னே தெரியலடி! ஏறு!"

டி.வி.எஸ். எக்ஸெல் ஆத்தூர் ரோட்டில் பறந்தது. வழியெல்லாம் சிவபிரகாஷ் தன்னைக் கண்காணித்துக்கொண்டே ஓட்டினான். மதுக்கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். பூப்பறித்துவிட்டு வந்த பெண்கள் எதிரே வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். வண்டி தென்னந்தோப்பு வாய்க்காலுக்குள் முன் சக்கரத்தை விட்டது.

"கண்ணத் தொறந்து ஓட்டுங்க!"

"தொறந்தா ஏதாவது ஆயிருமோன்னு பயமா இருக்கு ஸ்ரீமதி."

"ஒண்ணும் ஆகாது. பதிமூணு வருசமா உங்களப் பாக்குறேன். உங்ககிட்ட பூட்டுற அளவுக்கு ஒண்ணும் கெடையாது."

அது ஆறுதலா, அவமானமா என்று அவனுக்குத் தெரியவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தினான். இருவருமாக உதைத்து ஸ்டார்ட் செய்தார்கள்.

"ஸ்ரீமதி, என்னவா இருந்தாலும் நீ என்ன விட்டுட்டுப் போயிர மாட்டல்ல?"

"பேசாம ஓட்டுங்க," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பயந்துவிட்டாள் என்று அவன் நினைத்தான். பாவம், தன்னால் அவளுக்கும் எவ்வளவு கஷ்டம்.

கோயிலில் புதுச் சங்கிலி பளபளவென்று தொங்கியது. அதில் அதற்குள் ஆறேழு புதுப் பூட்டுகள் விழுந்திருந்தன. வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து அய்யம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டில் பூட்டுகள், மஞ்சள் துணி, ஒரு நீளமான ஆணி. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு காது இருந்த இடத்தில் நூல்.

ஸ்ரீமதி வண்டியை விட்டு நகரவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வெயில் என்றாள்.

சிவபிரகாஷ் அய்யம்மாளின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். தன் பூட்டு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தெரியாத ஊரில், தெரியாத குணம் உள்ளவனாகத் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது?

"ஆத்தா, இது நம்ம கூட்டாளி ஒருத்தனோடது. தெரியாமத் தொறந்துட்டான். உள்ள என்னத்தப் பூட்டி வச்சிருந்தாகன்னு தெரியணும். பய ரொம்பப் பயந்து போயிருக்கான்."

அய்யம்மாள் பூட்டை வாங்கினாள். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் துருவைத் தேய்த்தாள்.

"எழுத்து என்னோடதுதான். பழைய பூட்டு. பழைய சங்கிலில அம்புட்டு வருசமும் தொறக்காமக் கெடந்தது."

"சரி ஆத்தா, உள்ள என்ன? குடியா? கோவமா? பொம்பளச் சகவாசமா? எதுவா இருந்தாலும் சொல்லிரு. அவன் தாங்கிக்கிருவான்."

அய்யம்மாள் நிமிர்ந்தாள். அவனைத் தாண்டி, வண்டிக்குப் பின்னால் முந்தானை மறைவில் நின்றவளையே உற்றுப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பொக்கை வாய் மலர்ந்தது.

"அட, நீயா தாயி! 'வீட்டுல பேசி முடிச்சிட்டாக, இந்த மாப்ளைக்கு மட்டும் கழுத்த நீட்ட மாட்டேன் சாமி'ன்னு அழுதுக்கிட்டே பூட்டிட்டுப் போனியே... தப்பிச்சிட்டியா?"